எட்டு மாதக் கல்கத்தாப் படிப்பு

1922-ல் சிவகாசியில் ரயில் கிடையாது. விருதுநகரிலிருந்து தென்காசிக்குப் போகும் பாதை 1927-ல்தான் வந்தது. அதுவரை வெளியூர் போகிறவர்கள் சாத்தூருக்கோ அன்று விருதுபட்டி என்றழைக்கப்பட்ட விருதுநகருக்கோ போய், தூத்துக்குடியிலிருந்து மதுரைக்குப் போகும் வண்டியைப் பிடிக்க வேண்டும். அந்த ஆண்டு அப்படிக் கிளம்பிப் போனவர்களில் இரண்டு உறவுக்கார இளைஞர்கள் உண்டு. ஒருவர் பி. அய்ய நாடார், இன்னொருவர் அ. சண்முக நாடார். இருபதை ஒட்டிய வயது. போன இடம் கல்கத்தா. போன காரியம், தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்வது.

அங்கே பூர்ண சந்திர ரே என்ற தொழில்காரரிடம் எட்டு மாதம் இருந்து வேலை பழகினார்கள். திரும்பி வந்து 1923-ல் சிவகாசியில் தீப்பெட்டி போட ஆரம்பித்தார்கள்.

சிவகாசியில் தொழிலைப் பற்றிப் பேச்செடுத்தால் சுற்றிச் சுற்றி இந்தப் பயணத்தில்தான் வந்து நிற்கும். ஊரின் தலபுராணம் மாதிரி அது. போனார்கள், மருந்துக் கலவையைக் கற்று வந்தார்கள், ஊர் எழுந்தது என்று மூன்றே வரியில் முடித்துவிடுவார்கள். உண்மையில் கலவை அப்படியொன்றும் ரகசியமாக இருக்கவில்லை. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும் பசையும். பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ். இரண்டையும் பிரித்து வைத்தால் குச்சி தானாகப் பற்றாது, பெட்டியில் உரசினால்தான் பற்றும். இந்த யோசனைக்கு ஸ்வீடனில் குஸ்தாவ் எரிக் பாஷ் என்பவர் 1844-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். உலகத்துக்கே தெரிந்த ஒன்றைக் கற்றுக்கொண்டு வந்ததில் பெரிய அதிசயமில்லை. வந்த பிறகு அதை எப்படி மாற்றினார்கள் என்பதில்தான் சரக்கு இருக்கிறது.

அதற்கு முன்னால் ஊரைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

கரிசல் பூமி. மானாவாரி. சோளமும் கம்பும் பருத்தியும் மழை வந்தால் உண்டு, வராவிட்டால் இல்லை. சிவகாசி நாடார்கள் பெரும்பாலும் வியாபாரத்தை நம்பியவர்கள். தெற்கேயிருந்து கருப்பட்டியும் கருவாடும் மாட்டில் ஏற்றிக்கொண்டு வடக்கே வந்து, பேட்டைகளில் தங்கி, பிறகு அங்கேயே ஊர்களாக நிலைத்த பரம்பரை. கையில் காசு சேர்ந்தது; மரியாதை சேரவில்லை. கோயிலுக்குள் நுழையும் உரிமையைக் கேட்டபோது தகராறு முற்றி, 1899 ஜூன் 6 அன்று பெருங்கூட்டம் திரண்டு வந்து சிவகாசியைச் சூறையாடியது. பூமணியின் ‘அஞ்ஞாடி’ நாவலில் அந்தக் கொள்ளை விரிவாக வருகிறது. கல்கத்தாவுக்குப் போன இளைஞர்களின் பெற்றோர் தலைமுறை அதைக் கண்ணால் பார்த்த தலைமுறை.

இந்த ஊர்களில் ‘மகமை’ என்று ஓர் ஏற்பாடு உண்டு. விற்கிற சரக்கில் மூட்டைக்கு இவ்வளவு என்று ஒவ்வொரு வியாபாரியும் உறவின்முறை என்ற சாதிச் சங்கத்தின் பொதுப்பணத்தில் போட வேண்டும். அந்தப் பணத்தில் கிணறு வெட்டுவார்கள், கோயில் கட்டுவார்கள், பள்ளிக்கூடம் வைப்பார்கள். விருதுபட்டியில் அப்படி எழுந்த க்ஷத்திரிய வித்யாசாலையில்தான் காமராஜர் படித்தார். வீட்டுக்கு வீடு வாங்கிய பிடியரிசியும் அந்தப் பள்ளிக்குப் போனது. 1921-ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி. ஆக, 1922-ல் ஓர் இளைஞன் புதிய தொழில் ஒன்றைத் தேடிப் போக நினைத்தால், அவனுக்குப் பின்னால் கொஞ்சம் காசும் நிறைய உறவும் நின்றன. தனி மனித சாகசமாக இந்தக் கதையைச் சொல்கிறவர்கள் இந்தப் பின்புலத்தை விட்டுவிடுகிறார்கள்.

தொழில் படிப்பிலும் ஒரு வழக்கம் இருந்தது. பையனைச் சொந்தக் கடையில் உட்கார வைத்தால் முதலாளி மகனாகவே வளர்ந்துவிடுவான். இன்னொருவர் கடையில் கொண்டுபோய் விட்டால், பொட்டலம் மடிப்பதில் ஆரம்பித்துப் பேரேடு எழுதுவதுவரை கற்றுக்கொண்டு வருவான். இன்றும் சென்னையில் ‘அண்ணாச்சி கடை’யில் நிற்கிற பையன்களில் பலர் ஊரிலிருந்து அப்படி வந்தவர்கள்தாம். கல்கத்தாப் பயணம் அந்த வழக்கத்தின் நீட்சி என்று சொல்லலாம். கடை மட்டும் கொஞ்சம் தூரத்தில் இருந்தது.

சரி, ஏன் தீப்பெட்டி? ஏன் 1922?

அதுவரை இந்தியாவில் எரிந்த தீக்குச்சிகள் பெரும்பாலும் ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்தவை. முதல் உலகப் போருக்குப் பிறகு கஜானா காலியாக இருந்த பிரிட்டிஷ் இந்திய அரசு, 1922-ல் இறக்குமதித் தீப்பெட்டி மீதான சுங்கத்தை குரோசுக்கு ஒன்றரை ரூபாயாக உயர்த்தியது. ஒரு குரோசு என்பது 144 பெட்டி. ஒன்றரை ரூபாய் என்பது 288 பை. ஆகப் பெட்டிக்கு இரண்டு பை வரி. அற்பக் காசுதான், ஆனால் தீப்பெட்டியே அற்பக் காசுச் சரக்கு. அந்த இரண்டு பை இடைவெளியில் உள்ளூர்க்காரர் ஒருவர் நுழைந்துவிட முடியும். அரசுக்கு உள்நாட்டுத் தொழிலை வளர்க்கும் எண்ணம் எதுவும் அப்போது இல்லை, வருமானம்தான் குறி. வரி போட்டவர்கள் நினைக்காத காரியம் நடந்தது.

நுழைந்தவர்கள் சிவகாசிக்காரர்கள் மட்டுமல்ல. வரியைத் தாண்டிச் சரக்கை அனுப்புவதைவிட உள்ளேயே வந்து செய்வது லாபம் என்று ஸ்வீடன்காரர்களும் கணக்குப் போட்டார்கள். 1923-ல் வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி பிறந்தது, சுருக்கமாக விம்கோ. பம்பாய்க்கு அருகே அம்பர்நாத், கல்கத்தா, பரேலி, அஸ்ஸாமில் துப்ரி, சென்னையில் திருவொற்றியூர் என்று அவர்களின் ஆலைகள் பரவின. பின்னால் நின்றவர் இவார் க்ரூகர். உலகத் தீக்குச்சி உற்பத்தியில் பாதிக்கு மேல் தன் பிடியில் வைத்திருந்தவர். அரசாங்கங்களுக்கே கடன் கொடுத்து, பதிலுக்கு அந்த நாட்டில் தீப்பெட்டி விற்கும் ஏகபோகத்தை எழுதி வாங்கிக்கொள்வார். ஜெர்மனிக்கு அவர் கொடுத்த கடன் 12.5 கோடி டாலர். அதற்கு ஈடாக வந்த ஏகபோகம் அந்நாட்டில் 1983 வரை நீடித்தது. க்ரூகர் 1932 மார்ச்சில் பாரிஸில் தற்கொலை செய்துகொண்டார். அதற்குப் பிறகுதான் அவருடைய கணக்குப் புத்தகங்களில் பாதி பொய் என்று தெரிய வந்தது.

ஒரே ஆண்டில் இரண்டு போட்டியாளர்கள் களத்தில் இறங்கினார்கள். ஒரு பக்கம் உலகத்தின் தீப்பெட்டி ராஜா. இன்னொரு பக்கம், ரயில் வராத ஊரில் எட்டு மாதப் படிப்போடு இரண்டு இளைஞர்கள்.

முதலில் அவர்களும் பெரியவர்கள் செய்கிற மாதிரியே செய்யப் பார்த்தார்கள். ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வந்தது. இயந்திரம் நன்றாகத்தான் ஓடியிருக்க வேண்டும், கணக்குத்தான் ஓடவில்லை. இறக்குமதி இயந்திரத்தின் விலை, உதிரிப் பாகத்துக்குக் காத்திருப்பு, அதை ஓட்டவும் பழுது பார்க்கவும் ஆள். இதையெல்லாம் போட்டுக் கூட்டினால் விம்கோவின் பெட்டி விலையோடு போட்டி போட முடியாது. இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஸ்வீடன்காரனை வெல்வதென்றால் அவனைவிடப் பெரிய இயந்திரம் வேண்டும். சில ஆண்டுகளிலேயே சிவகாசி கை வேலைக்குத் திரும்பியது.

‘திரும்பியது’ என்ற சொல் கொஞ்சம் ஏமாற்றும். பின்னோக்கிப் போனதாகத் தோன்றும். நடந்தது வேறு. இயந்திரம் ஒரே மூச்சில் செய்கிற வேலையைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். எந்தத் துண்டை எங்கே, யாரால், எவ்வளவு மலிவாகச் செய்ய முடியும் என்று பார்த்துப் பிரித்துக் கொடுத்தார்கள். சிவகாசியின் அசல் கண்டுபிடிப்பு இதுதான். அதற்குக் காப்புரிமை எடுக்க முடியாது. அதனால்தான் சுற்றுவட்டாரம் முழுக்க அவ்வளவு சீக்கிரம் பரவியது.

அந்தத் துண்டுகளைக் கிட்டத்தில் போய்ப் பார்த்தால்தான் அதன் சாமர்த்தியம் புரியும். மரம் கேரளத்துக் காடுகளிலிருந்து வரும்; மட்டி, பெருமரம் போன்ற மென்மரங்கள். சீவிய குச்சிகள் மூட்டையாக வந்து இறங்கும். அடுத்த வேலைக்குக் ‘கட்டை அடுக்குதல்’ என்று பெயர். ஒரு மரச்சட்டத்துக்குள் வரிவரியாகப் பட்டைகள் இருக்கும். குச்சிகளை ஒன்றோடொன்று ஒட்டாமல் பட்டைகளில் அடுக்கி, பட்டைமேல் பட்டை வைத்து, கடைசியில் இறுக்கிப் பூட்டினால் ஆயிரக்கணக்கான குச்சிகள் முள்ளம்பன்றி முதுகுபோல் ஒரே மட்டத்தில் தலை நீட்டி நிற்கும். இடைவெளி ஏன்? இரண்டு குச்சி ஒட்டி நின்றால் மருந்தில் முக்கும்போது இரண்டு தலையும் ஒன்றாகப் பிடித்துக்கொள்ளும், அது கழிவு. சட்டத்தைத் தூக்கி முதலில் உருகிய மெழுகில் நனைப்பார்கள். அப்போதுதான் தலையில் பற்றிய தீ குச்சிக்கு இறங்கும். பிறகு சூடான தட்டில் பரப்பிய மருந்தில் ஒரே முக்கு. முக்குகிறவர் அனுபவசாலி. கை ஒரு மயிரிழை ஆழமாக இறங்கினால் தலை பெருத்து மருந்து வீணாகும். மேலே நின்றால் பாதிக் குச்சி பற்றாது. கரிசலின் வறண்ட காற்றில் சட்டங்கள் சீக்கிரம் உலர்ந்துவிடும். விவசாயத்துக்குச் சாபமாக இருந்த வெயில் இங்கே சம்பளமில்லாத வேலையாள்.

பெட்டி செய்வது தொழிற்சாலைக்கு வெளியே. சீவிய மெல்லிய மரத்தகடும் நீலத்தாளும் கட்டுக்கட்டாக வீட்டுக்கு வரும். அடிப்பெட்டி ஒரு கணக்கு, மேல்பெட்டி ஒரு கணக்கு. மாவுப் பசையில் பூச்சி அரிக்காமலிருக்க மயில்துத்தம் கலந்து காய்ச்சுவார்கள். சமையல் முடிந்த மதியத்தில், திண்ணையில், வாசல் வேப்பமர நிழலில் பெண்கள் உட்கார்ந்து பெட்டி ஒட்டுவார்கள். கூலி எண்ணிக்கைக்கு. முதலாளிக்குக் கட்டடச் செலவு மிச்சம். மழை பொய்த்த வீட்டுக்கு அன்றாடச் செலவுக்காவது காசு. இரண்டும் உண்மை.

கரிசல் காட்டில் யாரும் இதைத் தொழிற்சாலை என்று சொல்வதில்லை. ‘தீப்பெட்டி ஆபீஸ்’ என்பார்கள். நாற்காலியும் மேசையும் கணக்குப்பிள்ளைக்கு மட்டும் இருக்கிற ஆபீஸ்.

இந்த ஆபீஸ்தான் அடுத்த தலைமுறைத் தொழில்முனைவோருக்குக் கல்லூரி. 1926-ல் கூட்டாளிகள் இருவரும் பிரிந்து தனித்தனியாகத் தொழில் நடத்தினார்கள். அதோடு நிற்கவில்லை. வேலையை எல்லாம் சிறு சிறு துண்டாக வெட்டி வைத்தால் ஒவ்வொரு துண்டும் கண்ணுக்குத் தெரியும், கணக்குக்குத் தெரியும். கணக்கு எழுதுகிறவனுக்கு மரம் என்ன விலை, மருந்து என்ன விலை, பண்டலுக்கு என்ன நிற்கும் என்பது அத்துபடி. மருந்து கலக்கும் போர்மேனுக்குக் கலவை அத்துபடி. வடக்கே போய் ஆர்டர் பிடித்து வருகிறவனுக்கு எந்த ஊரில் யார் நாணயமாகப் பணம் தருவார் என்பது தெரியும். இந்த மூவரும் ஒரு சாயங்காலம் டீக்கடையில் சேர்ந்து உட்கார்ந்தால் புது ஆபீஸ் ஒன்று உருவாகிவிடும். பெரிய முதலீடு தேவையில்லை. சட்டங்கள், கொட்டகை, கொஞ்சம் மருந்து போதும். சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று தொழில் பரவியது. வடக்கே வேலூர்ப் பக்கம் குடியாத்தத்திலும் வேரூன்றியது. விட்டுப் போகிறவனைத் துரோகி என்று திட்டியவர்களும் இருந்திருப்பார்கள். ஆனால் ஊர் மொத்தமாகக் கற்றுக்கொண்டது இந்த விட்டுப் போகிறவர்களால்தான்.

அடுத்த பாடம் வரியிலிருந்தே வந்தது. 1922-ல் வழி திறந்துவிட்ட அதே அரசு 1934-ல் உள்நாட்டுத் தீப்பெட்டிக்கே உற்பத்தி வரி போட்டது. பெட்டி பெட்டியாக வரி வில்லை ஒட்ட வேண்டும். இந்த நெருக்கடியில் சிவகாசிக்காரர்கள் மருந்தில் கை வைத்தார்கள். சாதாரணத் தீக்குச்சிக்குப் பதில் பச்சையும் சிவப்புமாக எரிகிற மத்தாப்புக் குச்சி. தலையில் கொஞ்சம் கூடுதல் மருந்து, நிறம் கொடுக்கும் உப்பு, அவ்வளவுதான். தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் நடுவில் இருக்கிற சரக்கு அது. அங்கிருந்து கம்பி மத்தாப்புக்கும், பிறகு வெடிக்கும் போவது ஒரே தொழிலின் அடுத்தடுத்த படிகள்தாம். 1940-ல் வெடிபொருள் விதிகள் வந்து உரிமம் கட்டாயமானது. இரண்டாம் உலகப் போர் இறக்குமதிப் பட்டாசை நிறுத்தியது. காகிதம் சுருட்டவும் மருந்து கலக்கவும் ஏற்கனவே பழகிய ஊருக்கு இது போதாதா? 1942-ல் ஸ்டாண்டர்ட் பட்டாசு நிறுவனம் தொடங்கியது. அணில் மார்க்கும் சேவல் மார்க்கும் தீபாவளியின் பகுதியாகவே ஆகிப்போயின.

சுதந்திரத்துக்குப் பிறகு வரி விகிதத்தில் கை வேலைக்குச் சலுகை கிடைத்தது. ஆண்டுக்கு இவ்வளவுக்குள் உற்பத்தி செய்தால் குறைந்த வரி என்று அடுக்கு வைத்தார்கள். விம்கோவோடு போட்டியிட இது பெரிய தெம்பு. இன்னொரு பக்கம், ஒரு குடும்பத்தில் அப்பா பெயரில் ஓர் ஆபீஸ், மருமகன் பெயரில் ஓர் ஆபீஸ், மைத்துனர் பெயரில் ஒன்று என்று பிரித்து வைத்து அடுக்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளும் கலையையும் அதே வரி கற்றுக் கொடுத்தது. இதையும் புதுமை என்று எழுதுவதா என்பதை வாசகருக்கே விட்டுவிடலாம்.

பெட்டிக்கு மேலே ஒட்டுகிற லேபிள்தான் ஊரின் மூன்றாவது தொழிலுக்கு விதை. படிக்கத் தெரியாதவர்கள் படத்தைச் சொல்லித்தான் தீப்பெட்டி கேட்பார்கள். ஆகவே ஒவ்வொரு ஆபீசுக்கும் ஒரு படம் வேண்டும். முருகன், புலி, தாமரை, சாவி, தேர். படம் அச்சடிக்க வெளியூர் அச்சகத்துக்கு ஓடிக்கொண்டிருந்தவர்கள் கல் அச்சு இயந்திரத்தைத் தாங்களே வாங்கிப் போட்டார்கள். லேபிள் ஓர் அங்குலம், இரண்டு அங்குலச் சரக்கு. அந்தச் சின்னஞ்சிறு இடத்தில் நான்கு வண்ணமும் நகராமல் உட்கார வேண்டும். அதில் கை பழகியவனுக்குக் காலண்டர் ஒரு வேலையே இல்லை. வறண்ட காற்று இங்கேயும் உதவியது. காகிதம் ஈரம் குடித்து நீளாது, மை சீக்கிரம் காயும்.

படம் போட ஆள்? பக்கத்திலேயே இருந்தார். கோவில்பட்டிக்கு நாடகக் குழுவோடு திரைச்சீலை வரைய வந்து, அங்கேயே தங்கிவிட்ட ஓவியர் சி. கொண்டைய ராஜு. 1898-ல் பிறந்தவர், கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமணாசிரமத்தில் இருந்தவர். நாடகத் திரைகள் காலாவதியாகிக்கொண்டிருந்த நேரத்தில் அந்தக் கை சிவகாசி அச்சகங்களுக்குக் கிடைத்தது. மேடை வெளிச்சத்துக்கு வரைந்த அழுத்தமான வண்ணங்கள், நகை நட்டு, பின்னால் மலையும் அருவியும் எல்லாம் அப்படியே காலண்டருக்கு வந்தன. அவரும் ஒரு பட்டறை மாதிரிதான் நடத்தினார். டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம் போன்றவர்கள் அவரிடம் வேலை செய்தே கற்றார்கள். இந்தியாவின் பூஜை அறைகளில் தொங்கிய லட்சுமியும் முருகனும் பெருமளவு இந்தக் கரிசல் கூட்டணியில் பிறந்தவர்கள். தினசரிக் காலண்டர், டைரி, நோட்டுப் புத்தக அட்டை, வாழ்த்து அட்டை, பால்ய காலத்து ‘படிப்பு அட்டை’ என்று அச்சுத் தொழில் விரிந்து, தீப்பெட்டியின் நிழலிலிருந்தே வெளியே வந்துவிட்டது. ஊரை ‘குட்டி ஜப்பான்’ என்று நேரு சொன்னதாகச் சொல்வார்கள். ஜப்பான் தீப்பெட்டியை விரட்டிய ஊருக்கு அந்தப் பெயர் வைத்ததில் ஒரு குறும்பு இருக்கிறது.

எல்லாச் சின்னத் தொழிலும் இப்படித் தாவிவிடுவதில்லை. பக்கத்து ஊரான சாத்தூர் ஒரு காலத்தில் வெள்ளரிக்காய்க்கும் காராச்சேவுக்கும் மட்டுமல்ல, பேனா நிப்புக்கும் பேர் போனது. சின்னப் பட்டறைகளில் தகட்டை வெட்டி, வளைத்து, நடுவில் பிளந்து, தேய்த்து மெருகேற்றி நாடு முழுக்க அனுப்பினார்கள். கை நுணுக்கத்தில் தீப்பெட்டிக்கு மேல். பால்பாயின்ட் பேனா வந்தது, நிப்பு போயிற்று. நிப்பு செய்கிறவனுக்கு அடுத்த சரக்கு எது என்று கை காட்ட, லேபிள் மாதிரியோ மத்தாப்பு மாதிரியோ பக்கத்தில் ஒரு கிளை இருக்கவில்லை. சாத்தூர்க்காரர்களுக்குத் திறமை குறைவு என்று யாரும் சொல்ல முடியாது.

இதுவரை சொன்னது முதலாளிகளும் போர்மேன்களும் ஓவியர்களும் கற்றுக்கொண்ட கதை. அதே ஆபீசில் இன்னொரு கூட்டமும் உட்கார்ந்திருந்தது.

வேலையைத் துண்டு துண்டாக வெட்டியபோது சில துண்டுகள் மிகச் சிறியவையாக ஆகிவிட்டன. கட்டை அடுக்கப் பலம் வேண்டாம், மெல்லிய விரல் போதும். பெட்டியில் குச்சி அடைக்கவும் அப்படியே. கூலி எண்ணிக்கைக்கு என்பதால் வயது கேட்பாரில்லை. 1970-களிலும் 80-களிலும் விடியுமுன்னே கம்பெனி பஸ்கள் சுற்றுவட்டாரக் கிராமங்களுக்குப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வந்தன. பெரும்பாலும் பெண் பிள்ளைகள். இருட்டிய பிறகு கொண்டுபோய் இறக்கின. பள்ளிக்கூடத்தில் வாய்ப்பாடு படிக்க வேண்டியவர்கள் கட்டைக் கணக்கு படித்தார்கள். இளைஞர்கள் இருவர் எட்டு மாதம் கற்றதைப் புகழ்ந்து எழுதுகிற கட்டுரைகள் இந்தப் பிள்ளைகள் எட்டு வருடம் கற்காததை ஒரு பத்தியில் கடந்துவிடுவது வழக்கம். கன்னடத் திரைக்கலைஞர் சலம் பென்னூர்கர் 1990-ல் எடுத்த ஆவணப்படத்துக்கு ‘குட்டி ஜப்பானின் குழந்தைகள்’ என்றே பெயர் வைத்தார். பூமணி இயக்கிய ‘கருவேலம்பூக்கள்’ படமும் இந்தப் பிள்ளைகளைப் பற்றியதுதான். கரிசல் எழுத்தாளர் ஒருவர் கேமராவைக் கையில் எடுத்தபோது முதலில் பார்த்தது தீப்பெட்டி ஆபீசைத்தான்.

வழக்கறிஞர் எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் 1996 டிசம்பர் 10 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அபாயகரமான வேலையில் குழந்தையை வைத்திருந்த முதலாளி, குழந்தை ஒன்றுக்கு 20,000 ரூபாய் நல நிதியில் கட்ட வேண்டும். அந்தப் பிள்ளை பள்ளிக்குப் போக வேண்டும். தீர்ப்பு ஒரே நாளில் எதையும் மாற்றவில்லை. சோதனைகள், பள்ளிகள், மதிய உணவு, பிள்ளைகளைப் படிக்க வைத்தே தீருவது என்று பெற்றோர் எடுத்த முடிவு எல்லாம் சேர்ந்து மெல்ல மெல்ல அந்த பஸ்கள் ஓய்ந்தன. பட்டாசுப் பக்கம் உயிர்ச்சேதம் ஓயவில்லை. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசிக்கு அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். மருந்து அறையில் எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதற்கெல்லாம் விதி இருக்கிறது. தெரிந்தும் செய்யாததைக் கற்றுக்கொள்ளாதது என்று சொல்ல முடியாது.

மலிவான கை கிடைக்காமல் போனதும் 1920-களின் கணக்கு தலைகீழானது. ஓரங்கட்டிய இயந்திரம் திரும்பி வந்தது. மெழுகில் நனைத்து, மருந்தில் முக்கி, உலர்த்தி, பெட்டியில் அடைத்துத் தள்ளும் தொடர் இயந்திரங்கள் கோவில்பட்டி, சாத்தூர் பக்கம் நுழைந்தன. மரத்தகட்டுப் பெட்டி அட்டைப் பெட்டியானது. வேப்பமர நிழலில் பெட்டி ஒட்டும் வேலையும் அதோடு சுருங்கியது. சரக்கு சேவை வரியில் கை வேலைத் தீப்பெட்டிக்கு 5 சதவீதம், மற்றதற்கு 18 என்று இருந்ததை 2020 ஏப்ரல் முதல் எல்லாவற்றுக்கும் 12 என்று ஆக்கினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு எத்தனையோ வடிவில் தொடர்ந்த ஒரு வேறுபாடு அங்கே முடிந்தது. விம்கோ அதற்கு முன்பே கை மாறிவிட்டது. 2005-ல் அதை ஐ.டி.சி. வாங்கியது.

பட்டாசுக்காரர்கள் மறுபடியும் கலவைப் பாடத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புகளுக்குத் தடை போட்டது. பச்சை நிறத்துக்கும் கம்பி மத்தாப்புக்கும் அதுவே உயிர்நாடி. நாக்பூரின் நீரி சுற்றுச்சூழல் ஆய்வகம் புகை குறைந்த கலவைகளை உருவாக்கிப் ‘பசுமைப் பட்டாசு’ என்று பெயரிட்டது. தாத்தா கல்கத்தா போன மாதிரி பேரன் நாக்பூர்க்காரர்களிடம் கலவைச் சீட்டு வாங்குகிறான். இந்த முறை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

தீப்பெட்டிக்கோ எதிரி லைட்டர். பத்து ரூபாய்க்கும் பதினைந்துக்கும் கிடைத்த சீன லைட்டர்களை எதிர்த்து உற்பத்தியாளர்கள் பல ஆண்டு முறையிட்டதன் பேரில், 20 ரூபாய்க்குக் குறைந்த லைட்டர் இறக்குமதியை மத்திய அரசு 2023 ஜூனில் தடை செய்தது. அதற்கு முன்னால், சிவகாசியில் கூடிய தீப்பெட்டிச் சங்கங்கள் விலையை உயர்த்த முடிவு செய்தன. 2007-லிருந்து பதினான்கு ஆண்டுகள் அசையாமல் நின்ற ஒரு ரூபாய்த் தீப்பெட்டி 2021 டிசம்பர் 1 முதல் இரண்டு ரூபாய் ஆனது. வாங்குகிறவர் முகம் சுளிக்காமலிருக்கப் பெட்டியில் குச்சியையும் கூட்டினார்கள்; 36 இருந்த இடத்தில் 50. பண்டலுக்கு 600 பெட்டி என்ற பழைய கணக்கில் கை வைக்கவில்லை. ஆகப் பண்டல் ஒன்றுக்கு 8,400 குச்சி கூடுதல்.